மூத்த ராணிக்குக் காய்ச்சல்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. மாமா அதன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று பாதிப் பேச்சைத் தானே வாங்கிக்கொள்வார். இது அவர் காதில் விழுந்து ஊர் முழுக்கப் போக வேண்டாம் என்றுதான் கடிதம்.

இந்தப் புது வீடு சிறியது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் கூடத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. முன்பு குடியிருந்தவர்கள் அதில் சைக்கிள் நிறுத்துவார்களாம், இன்னும் டயர் வாசனை போகவில்லை. அங்கே ஒரு மேசை போட்டிருக்கிறேன். பட்டு பள்ளிக்கும் அவள் அப்பா ஆபீசுக்கும் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பல் மருத்துவரிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்ததால் காலை நேரம் முழுக்க என்னுடையது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கதையை எழுத ஆரம்பித்துவிட்டேன், அக்கா. மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டே நாம் இருவரும் நான்கு வருஷமாகச் சொல்லி வந்தோமே, அந்த மலைக்கோட்டை, இரண்டு ராணிகள், போருக்குப் போய்த் திரும்பாத ராஜா, அதையேதான். ஒரு வார இதழில் சரித்திரத் தொடர்கதைக்கு அறிவிப்பு வந்திருந்தது. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன். நகல் ஒன்று இத்துடன் வருகிறது.

நீங்கள் படித்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். கோபப்படாதீர்கள். கோபப்பட மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மாமாவுக்கு வாதம் வந்த வலது கையில் பிடிமானம் வந்துவிட்டதா?

உங்கள் சின்னவள்

ஜூன் 11

சின்னவளுக்கு,

காய்ச்சலா?

நான்கு வருஷம் நான் வாய் வலிக்க வளர்த்த ராணி அவள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தளபதியையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அவளுக்குக் காய்ச்சல் வந்து, மூன்று பக்கம் முனகி, சாவிக்கொத்தை உன் ராணி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். உனக்கு ஓர் அம்பு கூடக் கிடைக்கவில்லையா? கோட்டைக்கு வெளியே பத்தாயிரம் பேரை நிறுத்தி வைத்திருக்கிறாய், அதில் ஒருத்தனுக்குமா குறி பார்க்கத் தெரியாது?

நம் ஒப்பந்தம் என்ன? மூத்த ராணி பேசுவதெல்லாம் நான் சொல்வது. இளைய ராணி பேசுவதெல்லாம் நீ சொல்வது. ஒருத்தியின் ராணியை இன்னொருத்தி கேட்காமல் தொடக் கூடாது. உன் ராணி மதில்மேல் ஏறினால் நன்றாயிருக்கும் என்று நான் ஆசைப்பட்ட அன்று உன்னைக் கேட்டேன். "அவளுக்கு உசரம்னா பயம் அக்கா" என்றாய். சரியென்று விட்டுவிட்டேன். மடித்த துணிக்கு நடுவில் இருந்த நியாயம் வெள்ளைக் காகிதத்துக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. உன் கோட்டை ஜன்னலில் கண்ணாடி வைத்திருக்கிறாய். அந்தக் காலத்தில் கண்ணாடி ஜன்னலுக்கு எங்கே போவார்கள்? பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் வீட்டில் இத்தனை நாள் இருந்துவிட்டு இப்படியா? முற்றுகை நாலாம் நாளே தானியக் கிடங்கு காலியாம். மூன்று பேருக்குச் சமைக்கிறவள் போடுகிற கணக்கு அது.

இதை எங்கே வைத்து எழுதுகிறேன் தெரியுமா? இஸ்திரி போடும் பலகையில். சாப்பாட்டு மேசையில் பெரியவனின் அறிவியல் எரிமலை காய்கிறது. வாயாடிக்குப் பல் ஆடுகிறது, அதை யாரிடமாவது ஆட்டிக் காட்டாமல் அவளால் ஐந்து நிமிஷம் இருக்க முடியவில்லை. கடைக்குட்டி என் செருப்பைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் நிற்கிறான். மாமா கூப்பிடுகிறார். உன் அத்தான் மருந்துக் கடையை அடைத்துவிட்டு வந்து, அப்பா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, எனக்கு எத்தனை பக்கம் என்று எண்ணவில்லை.

மறைப்பானேன், எனக்கு உன்மேல் பொறாமை. டயர் நாற்றம் அடிக்கிற அந்த அறைமேல் பொறாமை. அதன் கதவுமேல் பொறாமை. நீ சாத்தினால் அது சாத்தியே இருக்குமாமே!

என் ராணியை எழுப்பு. காய்ச்சல்தானே, கஷாயம் கொடு.

ஓரகத்தி

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடியை எடுத்துவிட்டு மரச் சட்டம் போட்டுவிட்டேன். தானியத்தை மூன்று மாதத்துக்கு நீட்டிவிட்டேன். சரியாகச் சொன்னீர்கள், நன்றி.

மற்றதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மூத்த ராணியை உயிரோடு வைத்துத்தான் முதலில் எழுதினேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஏழெட்டுத் தடவை. அவள் வாயைத் திறந்தால் அந்த அறையில் வேறு யாருக்கும் வேலை இருப்பதில்லை. தளபதி தலையாட்டுகிறார், மந்திரி தலையாட்டுகிறார், என் ராணியும் மூலையில் நின்று தலையாட்டுகிறாள். அவள் பேசுவதை எழுதும்போது உங்கள் குரல்தான் காதில் கேட்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற குமாஸ்தா மாதிரி ஆகிவிடுகிறேன். அதனால்தான் காய்ச்சல். அம்பு என்றால் அவள் கண்டிப்பாகப் பிடுங்கி எறிந்துவிடுவாள்.

உங்களை மறந்துவிடவில்லை அக்கா. புத்தகமாக வந்தால் முதல் பக்கத்தில் "என் ஓரகத்திக்கு" என்று சமர்ப்பணம் போடுவதாக இருக்கிறேன்.

இதழிலிருந்து ஒரு வரி வந்தது. அத்தியாயங்கள் பரிசீலனையில் இருக்கின்றனவாம், செப்டம்பரில் முடிவு செய்வார்களாம்.

பட்டுவுக்குப் பள்ளி பிடித்துவிட்டது. இங்கே பள்ளியில் இடம் கிடைப்பது பெரும் திண்டாட்டம். டிசம்பரிலேயே மனுப் போட்டு வைத்ததால் தப்பித்தோம். வாயாடியின் பல் விழுந்ததா?

உங்கள் சின்னவள்

ஜூலை 1

சின்னவளுக்கு,

கொன்றவளே மாலை போடுகிறாளாம், அதற்குப் பெயர் சமர்ப்பணமாம். வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

டிசம்பரா?

என் கொழுந்தனுக்கு மாற்றல் உத்தரவு ஏப்ரலில் திடுதிப்பென்று வந்தது. அப்படித்தான் இருவரும் சொன்னீர்கள். நீ சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாய். "என்ன அக்கா பண்றது, மேலிடத்து உத்தரவு" என்றாய். பட்டுவின் பள்ளிக்கு டிசம்பரில் மனுப் போட்டிருக்கிறாய். மேலிடம் உன் கனவில் வந்து முன்கூட்டியே சொல்லிவிட்டதா?

நான் ஊகித்து எழுதவில்லை. நேற்று இவரை உட்கார வைத்துக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பிதான் மாத்தல் கேட்டு வாங்கினான். உன்கிட்ட சொல்ல வேணாம்னான். நீ வருத்தப்படுவேன்னு..." என்றார். முழுப் பூசணிக்காயை ஒரே வீட்டுச் சோற்றில் எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறீர்கள். பரிமாறினது மட்டும் நான்.

அத்தனை நாளும் என்னோடு உட்கார்ந்து துணி மடித்தாய். மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டே மடித்தாய். "இளைய ராணி அக்காவை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டா" என்று உன் வாயால் சொன்னது பிப்ரவரியில். எனக்கு அது வலிக்கிறது. மாமாவைத் தனியாகக் குளிப்பாட்டுவது வலிக்கவில்லை. நீ இருந்தபோது ஒருத்தி முதுகு, ஒருத்தி தண்ணீர் என்று சிரித்துக்கொண்டே முடித்துவிடுவோம். இப்போது எழுபது கிலோ மனிதரை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை வேறு காலால் தள்ளுகிறேன். அது வேலை, செய்துவிடலாம். இது வேறு.

உன் ராணியை நான் என்ன செய்வேன் என்று பயப்படாதே. எனக்குக் கொலையெல்லாம் வராது. அவள் இருக்கட்டும். கிழவியாகும்வரை இருக்கட்டும். கோட்டை முழுக்க அவளுடையதாகவே இருக்கட்டும், பேச்சுக்கு மட்டும் ஓர் ஆள் இல்லாமல்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் நான் எழுதப் போவதில்லை.

ஜூலை 9

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

ஆமாம், மாற்றல் கேட்டு வாங்கினோம். கேட்கச் சொன்னது நான். அவரைத் திட்டாதீர்கள், அவர் மூன்று மாதம் மாட்டேன் என்றார்.

காரணம் சொல்கிறேன். போன வருஷம் பட்டுவுக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். பாதியில் நிறுத்தி, "நீ சொல்ல வேணாம்மா. பெரியம்மா வந்து சொல்லட்டும்" என்றாள். நான் பெற்ற பிள்ளை. இன்னொரு நாள், நான் அவரிடம் பல் மருத்துவரிடம் நடந்த கதை ஒன்றைச் சொன்னேன், அவர் உம் கொட்டிக்கொண்டே பேப்பர் படித்தார். அதே கதையை நீங்கள் தட்டு கழுவிக்கொண்டே சொன்னீர்கள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன், நீங்களே தைலம் தேய்த்துவிட்டீர்கள். உங்கள் கை பட்டதும் எனக்கு இன்னும் எரிந்தது.

உங்களுக்கு எல்லாம் வருகிறது. பிள்ளைகளுக்கு நடுவில், அடுப்புக்கு முன்னால், நின்றபடி, நடந்தபடி வருகிறது. எனக்கு ஒரு வரி வருவதற்கு ஒரு கதவு வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் நான் எழுதின எந்த வரியைப் படித்தாலும் அது நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது, உங்கள் அளவு நன்றாக இல்லாமல். எனக்கென்று ஒரு குரல் இருக்கிறதா என்று தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். அந்த அறைமேல் பொறாமை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. கெட்ட சிரிப்பு.

மாமாவைத் தனியாகக் குளிப்பாட்டுகிறீர்கள் என்பதை மட்டும் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

சின்னவள்

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகப் போகிறது. நேற்று போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். "அவளா? கைப் பயிற்சிக்கு என்னைக் கூட்டிட்டுப் போற இடத்துல உக்காந்து எழுதுறா, எழுதுறா, எழுதிக்கிட்டே இருக்கா. உனக்குத்தான் கடுதாசின்னு நெனைச்சேன், வரலையா?" என்றார்.

வரவில்லை. அவ்வளவு பெரிய திட்டா? பரவாயில்லை, அனுப்புங்கள். வாசலில் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுதுகிற வரியை விட்டுவிட்டு ஓடுகிறேன்.

சின்னவள்

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

இதழாசிரியர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஒரே மலைக்கோட்டை, ஒரே இரண்டு ராணிகள், ஒரே சாவிக்கொத்து, திரும்பாத அதே ராஜா, இப்படி இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்று என்னுடையது. இன்னொன்று உங்கள் ஊரிலிருந்து. "இவற்றில் எது அசல், எது நகல் என்பதைத் தெளிவுபடுத்தவும். உங்களுடையது முதலில் வந்ததால் உங்களைக் கேட்கிறோம்" என்று எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க அதன் முதல் அத்தியாயத்தின் பிரதியையும் வைத்திருக்கிறார். மாதம் பாதி தாண்டுவதற்குள் பதில் வராவிட்டால் இரண்டையுமே தள்ளிவிடுவாராம்.

முதலில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். "அது என் கதையின் நகல், எழுதியவர் எனக்கு உறவினர், நான் சொல்லக் கேட்டவர்" என்று பதில் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். தபால்பெட்டி வரை போனேன். அதன் பிறகுதான் உங்கள் அத்தியாயத்தைப் படிக்கவில்லையே என்று நினைவு வந்தது. எதிரே மூடிக் கிடந்த சலூன் வாசலில் நின்றே படித்தேன்.

அறுபது வயதில் என் ராணி. சாவிக்கொத்தைத் தூக்கச் சக்தியில்லாமல் எதிரில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுகிறாள். பணிப்பெண் வாய் திறக்காமல் பட்டுத் துணிகளை மடித்து அடுக்குகிறாள். ராணி ஒன்றைச் சொல்கிறாள், உடனே பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். "குளிராக இருக்கிறது. அவ்வளவு குளிர் என்று சொல்ல முடியாது." இப்படிப் பேசுகிறவள் யார் என்று எனக்குத் தெரியாதா? எனக்குக் குரல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்தேன். அது உங்களிடம் இருந்திருக்கிறது. நான்கு வருஷம் நீங்கள் மட்டும்தான் பேசினீர்கள் என்று நினைத்திருந்தேன், காதும் கொடுத்திருக்கிறீர்கள்.

வயிறு எரிகிறது அக்கா. என் மூன்று அத்தியாயத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

அந்தக் கடிதத்தைப் போடவில்லை. கிழித்தும் போடவில்லை. ஆசிரியருக்கு நான் என்ன எழுத வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

சின்னவள்

செப்டம்பர் 10

சின்னவளுக்கு,

நான்தான் அனுப்பினேன். உன்னைக் கேட்கவில்லை. உன் ராணியைக் கேட்காமல் தொட்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துத்தான் தொட்டேன்.

உன் மூன்றாம் அத்தியாயத்தை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். காய்ச்சல் என்று கிண்டல் செய்தேனே, அந்த மூன்று பக்கமும் நன்றாக இருந்தது. சாவியை வாங்கும்போது உன் ராணி "இதில் எந்தச் சாவி எதற்கு என்று சொல்லிவிட்டுப் போ" என்கிறாளே, அந்த இடம் வந்ததும் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். சுமாராக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நன்றாக எழுதினாய், அதுதான் ஆத்திரம். என் ராணியை வைத்து, நான் இல்லாமல், அவ்வளவு நன்றாக.

வாரம் மூன்று நாள் மாமாவைக் கைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே காத்திருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் எலும்புக்கூட்டுப் படம், பக்கத்தில் இடுப்பு வலிக்காரர்கள். மடியில் பள்ளிக்கூட அட்டையை வைத்து எழுதினேன். சொர்க்கம் என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த நாற்காலிதான்.

இப்போது மிச்சத்தையும் கேள். போன வியாழக்கிழமை மாமா பயிற்சி முடிந்து வெளியே வந்து என் எதிரில் நின்றிருக்கிறார். "அம்மா, போலாமா" என்று இரண்டு தடவை கேட்டாராம். என் காதில் விழவில்லை. உன் ராணி அப்போது மதில் படியில் முதல் தடவையாகக் கால் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே இடுப்பு வலிக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். கைத்தடியையும் காணோம், மாமாவையும் காணோம். ரோட்டைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவில், எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். எப்படிக் கடந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர்தான் சொன்னார், சிராய்ப்பில் மருந்து போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "துறைமுகத்துல அந்தரத்துல கிரேன் ஓட்டினவரு. அப்பவே ஒண்ணும் ஆகல. உன் கதையில போயிருப்பாரு."

  அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன். காகிதங்களைப் பரணில் தூக்கிப் போட்டாயிற்று. நீ ஆசிரியருக்கு அந்தக் கடிதத்தையே போடு. என்னுடையது நகல் என்று எழுது. உன்னிடம் கதவு இருக்கிறது, பொழுது இருக்கிறது, நீயே எழுது, நீயே ஜெயி. நான் பார்த்து எரிந்துகொண்டிருப்பேன், அது எனக்குப் பழகிப்போயிற்று.

ஓரகத்தி

செப்டம்பர் 15

அக்காவுக்கு,

ஆசிரியருக்கு நேற்று தந்தி மாதிரி நான்கைந்து வரி எழுதிப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் ரோஷத்தில் வேண்டாம் என்பீர்கள்.

"இரண்டும் அசல். இரண்டும் ஒரே நாவல். எழுதியவர்கள் இருவர், ஒரே வீட்டு மருமகள்கள். என் மூன்று அத்தியாயத்தில் மூத்த ராணி இறக்கிறாள், அவருடைய அத்தியாயங்களில் இளையவள் அதற்குப் பின் வாழ்கிறாள். தனித்தனியாக அனுப்பியது எங்களுக்குள் இருந்த மனத்தாங்கலால்."

எழுதும்போது நல்ல மனசோடு எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வழியில்லாமல் எழுதினேன். உங்களுடையதை நகல் என்று எழுதினால் நான் ஜெயிப்பேன், அதற்கப்புறம் நாலாம் அத்தியாயம் எழுத வேண்டும். எனக்கு நாலாம் அத்தியாயம் இல்லை அக்கா. மூன்று மாதமாக இல்லை. மூத்த ராணி போனதிலிருந்து என் கோட்டையில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. சண்டை இல்லாத கோட்டையை யார் படிப்பார்கள்? இவ்வளவு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவுக்கு முழங்கை ஆறிவிட்டதா? அத்தான் சொன்னதைப் படித்துவிட்டு இவரிடம் கத்தினேன். "என்னை எதுக்குத் திட்றே, நான் என்ன செஞ்சேன்" என்றார். அதைத்தான் சொல்கிறேன், நாங்கள் இருவரும் ஒன்றுமே செய்யவில்லை என்றேன்.

பரணிலிருந்து எடுங்கள்.

சின்னவள்

செப்டம்பர் 22

சின்னவளுக்கு,

ஒரே வீட்டு மருமகள்கள் என்று எழுதினாயா? நன்றாக இருக்கிறது. நாவல் மட்டும் ஒன்று, வீடு மட்டும் எனக்கா?

நான் ரோஷக்காரிதான். ஆனால் முட்டாள் இல்லை. வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. என் நிபந்தனையைச் சொல்கிறேன். பாதி நாவல் உனக்கு வேண்டுமென்றால் பாதி வீடும் உனக்குத்தான். ஆறு மாதம் மாமா உன்னிடம் இருக்கட்டும். குளிப்பாட்டுவது, கைப் பயிற்சி, "என்ன சொல்றா, என்ன சொல்றா" எல்லாம் சேர்த்துத்தான். அந்த ஆறு மாதம் நான் எழுதுகிறேன். அதன் பிறகு அவர் இங்கே வரட்டும், நீ எழுது.

இவரிடம் சொல்லிவிட்டேன். "அப்பாவை அனுப்பிட்டா ஊர் என்ன சொல்லும்" என்றார். தம்பியும் அவருக்குப் பிள்ளைதானே, ஊருக்கு அது தெரியாதா என்றேன். மாமாவிடம் நேராகவே கேட்டேன், கேட்காமல் மூட்டை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.  "பட்டு இருக்கா இல்ல?" என்றார். இருக்கிறாள் என்றேன். "அப்ப சரி" என்றார். இத்தனை வருஷம் முதுகு தேய்த்துவிட்ட எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. பாதியில் காய்ச்சல் என்று படுக்காதே.

ஓரகத்தி

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை இவர் வருகிறார், மாமாவை அழைத்துவர. கைப் பயிற்சிக்கு இங்கே ஓர் இடம் பார்த்துவிட்டேன்.

என் அறையை விட்டால் இந்த வீட்டில் மாமாவைப் படுக்க வைக்க வேறு இடமில்லை. மேசையை வெளியே எடுத்துவிட்டுக் கட்டில் போட்டோம். மேசை இப்போது சமையலறையில் நிற்கிறது, அதன்மேல் வெங்காயக் கூடை. அதை நகர்த்தும்போது எனக்கு அழுகை வந்தது. பட்டு பார்த்துவிட்டு, "தாத்தா வர்றது உனக்குப் புடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். புடிக்கும் என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஆசிரியர் ஒப்புக்கொண்டார். ஜனவரியில் தொடங்குகிறதாம். பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று கேட்டிருந்தார். மூத்தவர் பெயர் முதலில் என்று எழுதிவிட்டேன். எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன்.

நாலாம் அத்தியாயம் நவம்பருக்குள் போக வேண்டும். அது உங்களுடையது. நீங்கள் அங்கே உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று நினைத்தாலே எனக்கு எரிகிறது அக்கா. இருந்தாலும் மாமாவின் மருந்துகளை எந்த வேளைக்கு எது என்று தனித்தனியாகக் கட்டி, மேலே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சின்னவள்

அக்டோபர் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா அங்கே வந்து சேர்ந்த செய்தியைக் கொழுந்தன் போனில் சொன்னார். வண்டி ஏறும்போது மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் கிடைத்ததா என்பதுதான் அவருக்குக் கவலை. நான் வீட்டுக்கு வந்து அவர் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, ஏன் துடைத்தேன் என்று தெரியாமல் நின்றேன். இதையெல்லாம் எழுதக் கூடாது என்று நினைத்தேன். நீ உடனே பெருமைப்பட்டுக்கொள்வாய்.

பரணிலிருந்து காகிதங்களை இறக்கினேன். ஓரத்தில் எலி கடித்திருக்கிறது. ராணியின் மதில் படி மட்டும் பத்திரமாக இருந்தது.

இன்று பள்ளியிலிருந்து வந்தேன். பெரியவனும் வாயாடியும் விளையாடப் போனார்கள், கடைக்குட்டியை அவர்களோடு தள்ளிவிட்டேன். மாமாவின் நாற்காலியில், போன் பக்கத்தில், உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அது முதலில் ஒரு மாதிரி இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். உன் ராணி மதில்மேல் ஏறிவிட்டாள். பயத்தில் கால் நடுங்குகிறது, இறங்க மாட்டேன் என்கிறாள். உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கிறேன், அவள் அங்கேயே நிற்கலாமா?

நன்றாக வந்திருக்கிறது சின்னவளே, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பாதிப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு உன்னை நினைத்தேன். வெங்காயக் கூடையை ஒதுக்கிவிட்டு அந்தச் சமையலறையில் நீ இதைவிட நன்றாக எழுதிக்கொண்டிருப்பாயோ என்று. மாமா அந்தப் பக்கம் கத்த, குக்கர் இந்தப் பக்கம் கத்த, நடுவில் உனக்கு வந்துகொண்டிருக்குமோ என்று. எனக்கு அப்படித்தானே வந்தது.

நீ இன்று எழுதினாயா? இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

உன் அக்கா